பழைய தமிழ்க் கோப்புகளைத் திறக்க இரண்டு சாவிகள்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் உள்ள ஊர் உலு திராம். சுற்றிலும் ரப்பரும் செம்பனையுமாக இருந்த நிலத்தில் இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. தோட்டம் கைமாறினால் லயம் இடிபடும், ஆலயம் இடம் பெயரும், தமிழ்ப்பள்ளி வேறு இடத்துக்குப் போகும். மலேசியத் தோட்டப்புறத் தமிழர்கள் பல மாநிலங்களில் கண்ட கதைதான் இது. அதன்பின் அங்கே ஒரு சமூகம் வாழ்ந்ததற்குச் சான்றாக மிஞ்சுவது சில தாள்கள்: கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் வரிசை.

1990களில் இவை கணினிக்கு மாறின. அச்சகத்தில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டினார்கள். சங்கச் செயலாளர்கள் வேர்டில் தட்டச்சு செய்து நெகிழ்வட்டில் போட்டு வைத்தார்கள். அச்சான மலரைக் கரையானும் வெள்ளமும் கொண்டுபோன பிறகு அந்த வட்டுதான் கடைசிப் பிரதி. இன்று அதைத் திறந்தால் திரையில் வருவது தமிழ் அல்ல. தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், நாணயக் குறிகள், அரைப்புள்ளிகள். "கெட்டுப் போச்சு" என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அப்படிப் போடப்படும் கோப்புகளில் பல கெடவே இல்லை. அவற்றைப் படிக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று, கோப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற அறிவு. மற்றொன்று, அதற்குள் இருக்கும் எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்ற பட்டியல். முதல் சாவியை உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவது சாவியைத் தமிழர்களே செய்தார்கள்.

எண்களின் வரிசை

கணினியில் உள்ள எந்தக் கோப்பும், படமோ பாட்டோ கடிதமோ, 0 முதல் 255 வரையிலான எண்களின் நீண்ட வரிசைதான். ஓர் எண்ணுக்கு ஒரு பைட்டு. அந்த எண்களை எப்படிப் பொருள்கொள்வது என்ற ஒப்பந்தமே கோப்பு வடிவம்.

பல வடிவங்கள் தொடக்கத்திலேயே தங்களை அடையாளம் காட்டிவிடும். 37, 80, 68, 70 என்று தொடங்கினால் அது பிடிஎஃப். 80, 75 என்று தொடங்கினால் ஜிப். அந்த இரண்டும் அதை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரின் முதல் எழுத்துகள். பழைய வேர்டு கோப்பு 208, 207, 17, 224 என்று தொடங்கும். இதைப் பதினறும எண்ணில் எழுதிப் பார்த்தால் 'டாக்ஃபைல்' என்ற ஆங்கிலச் சொல்லின் சாயல் தெரியும். நிரலாளர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

இந்த எண் வரிசையை "முதல் எட்டு பைட்டு இது, அடுத்த மூன்று அது" என்று பிரித்துப் பொருள் சொல்வதைப் பகுத்துப் படித்தல் எனலாம். வடிவத்தைச் செய்தவர் விளக்கம் தந்திருந்தால் வேலை சுலபம். விளக்கம் இல்லாவிட்டால் கோப்பையே உற்றுப் பார்த்து ஒப்பந்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் மீள்பொறியியல். ரேடியோவைக் கழற்றி, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துப் பழகிய மெக்கானிக்கின் வேலையும் இதுவும் ஒரே ஜாதி.

இரண்டு வேலைக்கும் உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள் உள்ளன. ஆங்கிலத்தில் இவற்றை லைப்ரரி என்பார்கள். ஹாஷ்வார் என்பது அவற்றுள் ஒன்று. பிரெஞ்சு நிரலாளர் விக்டர் ஸ்டின்னர் பைத்தான் மொழியில் எழுதியது. அந்தப் பெயருக்குப் பிரெஞ்சில் இறைச்சி கொத்தும் கருவி என்று பொருள். கோப்பைத் துண்டு துண்டாகக் காட்டுவதால் பொருத்தமான பெயர். டோமர் ஃபிலிபா தொடங்கிய கன்ஸ்ட்ரக்ட் என்பதும் பைத்தான் தொகுப்புதான். அதில் வடிவத்தை ஒருமுறை விவரித்தால் போதும், அதே விவரிப்பைக் கொண்டு கோப்பைப் படிக்கவும் முடியும், புதிதாக எழுதவும் முடியும்.

2016இல் பொதுவில் வந்த கைத்தாய் ஸ்ட்ரக்ட் இன்னொரு படி மேலே போகிறது. ஜப்பானிய மொழியில் 'கைத்தாய்' என்றால் பிரித்துக் கழற்றுவது. அதில் வடிவத்தை ஒரு பட்டியல்போல எழுதிக் கொடுத்தால், சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான், பிஎச்பி என்று வேண்டிய மொழியில் படிக்கும் நிரலை அதுவே எழுதித் தரும். பலர் எழுதிய வடிவ விவரிப்புகள் அதனுடன் திறந்த நூலகமாகக் கிடைக்கின்றன.

நெகிழ்வட்டுக்குள் என்ன இருக்கிறது

மூன்றரை அங்குல நெகிழ்வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 512 பைட்டு கொண்ட 2880 பகுதிகள், மொத்தம் 1,474,560 பைட்டுகள். முதல் பகுதியிலேயே வட்டு தன் கணக்கை எழுதி வைத்திருக்கும். 0 முதல் எண்ணிக்கொண்டு வந்தால், 11, 12ஆம் இடங்களில் 0, 2 என்று இருக்கும். சிறிய இலக்கம் முதலில், பெரிய இலக்கம் பிறகு என்பது இங்கே வழக்கம். ஆகவே இதை 2 பெருக்கல் 256, கூட்டல் 0 என்று படிக்க வேண்டும், விடை 512. 19, 20ஆம் இடங்களில் 64, 11 இருக்கும். 11 பெருக்கல் 256, கூட்டல் 64, அதாவது 2880. இந்த வரிசை தெரியாமல் 64ஐ முன்னால் வைத்துப் பெருக்கினால் கணக்கு எங்கோ போய்விடும்.

கோப்புகளின் பெயர்ப் பட்டியல் தனியாக இருக்கும். ஒரு கோப்புக்கு 32 பைட்டு: பெயருக்கு 8, பின்னொட்டுக்கு 3, தன்மைக்கு 1, ஒதுக்கியது 10, நேரத்துக்கு 2, தேதிக்கு 2, கோப்பு தொடங்கும் இடத்துக்கு 2, அளவுக்கு 4. கைத்தாய் ஸ்ட்ரக்டில் எழுதித் தர வேண்டிய விவரிப்பும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான். தேதியில் ஆண்டு 1980இலிருந்து எண்ணப்படும். 1998 ஆகஸ்டு 31 என்ற தேதி 31, 37 என்ற இரண்டு பைட்டுகளில் அடங்கிவிடும். மலர் எந்த ஆண்டில் வந்தது என்று யாருக்கும் நினைவில்லாதபோது இந்த இரண்டு பைட்டு பெரிய உதவி, அன்று அந்தக் கணினியின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டிருந்தால்.

இன்னொரு சங்கதி. கோப்பை அழித்தால் பெயரின் முதல் பைட்டு 229 ஆக மாறும். உள்ளே இருந்த எழுத்து உடனே அழிவதில்லை. அதே இடத்தில் வேறு கோப்பு எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். எனவே "அதை அப்போதே அழித்துவிட்டோம்" என்ற பேச்சைக் கேட்டு வட்டை வீச வேண்டியதில்லை.

வேர்டும் பேஜ்மேக்கரும் இதைவிடச் சிக்கலானவை. வேர்டின் பழைய வடிவத்துக்கான விளக்கத்தை மைக்ரோசாஃப்ட் 2008 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன்பு மற்ற மென்பொருள்காரர்கள் பல இடங்களில் பைட்டு பைட்டாகப் பார்த்து அதைப் படிக்க வேண்டியிருந்தது. பேஜ்மேக்கரோ 7ஆம் பதிப்போடு நின்றுபோனது. தமிழ் அச்சகங்கள் ஆண்டுக்கணக்கில் சார்ந்திருந்த மென்பொருள் அது. 2014 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஆவண விடுதலைத் திட்டத்தின் நிரலாளர்கள் அதன் கோப்புகளைப் பிரித்து ஆராய்ந்து லிப்பேஜ்மேக்கர் என்ற தொகுப்பை வளர்த்தனர். 2015 ஜனவரியில் வந்த லிப்ரே ஆஃபிஸ் 4.4 முதல், பேஜ்மேக்கர் கோப்பை அந்த இலவச மென்பொருளிலேயே திறக்க முடிகிறது. பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எழுத்து வந்தாலே லாபம்.

திராம்: ஐந்து எண், ஆறு எண், பதினெட்டு எண்

பெட்டி திறந்தாகிவிட்டது. உள்ளே இருக்கும் எண்கள் எந்த எழுத்து?

யூனிகோட் பரவும் முன் தமிழுக்கு ஒரே பட்டியல் இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கு வசதிப்பட்ட எண்ணில் எழுத்தை உட்கார வைத்தார்கள். 1985இல் முத்து நெடுமாறன் இதே மலேசியாவில் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பக்கத்துச் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையைச் செய்தார். ஈழத் தமிழர்களிடையேயும் புலம்பெயர்ந்தவர்களிடையேயும் பாமினி பரவியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டையொட்டி டாப், டாம் என்ற குறியேற்றங்கள் வந்தன. மின்னஞ்சல் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் வளர்ந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. தமிழக அரசு யூனிகோடை முறையாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சான ஒவ்வொரு கோப்பிலும் இந்த வரலாற்றின் ஏதோ ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'திராம்' என்ற சொல்லையே பாருங்கள். மலாயில் அதற்குச் சிப்பி என்று பொருள். திஸ்கியில் அது 190, 162, 195, 161, 245 என்ற ஐந்து பைட்டு: த, இகரக் கொம்பு, ர, கால், கடைசியில் ம் என்ற மெய்க்குத் தனி எண். பாமினியில் 106, 112, 117, 104, 107, 59 என்று ஆறு. அங்கே மெய்யின் புள்ளி தனியாக வரும். அந்தப் புள்ளியின் எண் ஆங்கில விசைப்பலகையில் அரைப்புள்ளி. பாமினிக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அரைப்புள்ளி மழையாகப் பெய்வதற்குக் காரணம் இதுதான். இன்றைய யூனிகோடில் அதே சொல் ஆறு குறிகள். சேமிக்கும்போது குறிக்கு மூன்று பைட்டு வீதம் பதினெட்டு. அவ்வாறு சேமித்த தமிழ்க் குறி எதுவாக இருந்தாலும் 224 என்று தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வரும். பைட்டுகளை எட்டிப் பார்த்ததுமே, இது புதிய கோப்பு, பழைய கோப்பு என்று சொல்லிவிடலாம்.

எண்ணுக்கு எண் மாற்றி வைத்தால் முடிந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. 'கொ' என்ற எழுத்தைப் பழைய முறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்தன: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். திஸ்கியில் 166, 184, 161. யூனிகோடில் க முதலில், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி பிறகு. மாற்றும் நிரல் முன்னால் வந்த கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த எழுத்தைப் பார்த்து, அதற்கும் அடுத்தது காலா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

பாமினியில் இன்னும் ஒரு தந்திரம் உண்டு. 'ரி' என்று எழுதும்போது அங்கே ர-வுக்கு உரிய எண் வராது, காலுக்கு உரிய 104 வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் எழுத்துரு செய்தவர்கள் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். 'பெரிய' என்ற சொல்லை இந்த விதி தெரியாத நிரலிடம் கொடுத்தால் அது விழிக்கும்.

இந்த விதிகளையெல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதித்தான் இருக்கிறார்கள். முத்து அண்ணாமலை முன்னின்று வளர்த்த ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில், பழைய குறியேற்றங்களை யூனிகோடுக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. அதற்கு அடிப்படை அருளாளன் எழுதிய நிரல். திஸ்கி, டாப், டாம், பாமினி, முரசு அஞ்சல், மயிலை, ஸ்ரீலிபி, வானவில் என இருபதுக்கும் மேற்பட்ட முறைகளை அது அறியும். லினக்ஸ் கணினியில் திஸ்கிக்கு வேறு எதையும் தேட வேண்டாம். கணினியோடு வரும் ஐகான்வ் கட்டளைக்கே திஸ்கி தெரியும். பெரிய தொகுப்பு ஒன்று இப்படி மாறிய கதையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கிய நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்குக் கொண்டு வந்தது. சங்க இலக்கியத்துக்கு ஆள் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோவில் மலருக்கு அந்தந்த ஊர்தான் ஆள்.

'ஜாலான்' ஏன் கெடுகிறது

மலேசியக் கோப்புகளில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. பெயர் தமிழில் இருக்கும், முகவரி மலாயில் இருக்கும். திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேல், ரோமன் எழுத்துகள் கீழே; இரண்டும் மோதாது. பாமினியில் இரண்டும் ஒரே எண்கள். உறுப்பினர் பட்டியலை அப்படியே நகலெடுத்துப் பாமினி மாற்றியில் ஒட்டினால், 'ஜாலான்' என்று ரோமனில் எழுதிய சொல் 'துயடயெ' என்று ஆகிவிடும். நூறு பேர் பட்டியலில் நூறு முகவரியும் போச்சு.

இங்கேதான் முதல் சாவி மறுபடி தேவைப்படுகிறது. எந்த எழுத்திலிருந்து எந்த எழுத்து வரை எந்த எழுத்துரு என்பதை வேர்டு கோப்பு தனக்குள் குறித்து வைத்திருக்கிறது. எழுத்துரு கணினியில் இல்லாமல் போனாலும் அதன் பெயர் கோப்பில் இருக்கும். கோப்பைப் பகுத்துப் படிக்கும் நிரல் தொகுப்பு அந்தக் குறிப்பை எடுத்துத் தந்தால், பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் தமிழுக்கு மாற்றி, மற்றதைத் தொடாமல் விடலாம். வெறும் எழுத்தை நகலெடுத்து ஒட்டும்போது இந்தக் குறிப்பைத்தான் முதலில் தொலைக்கிறோம். ஒரே அடியாக "அனைத்தையும் தேர்ந்தெடு, எழுத்துருவை மாற்று" என்று செய்து சேமித்தவர்களும் அதையேதான் தொலைத்தார்கள், நல்ல எண்ணத்தோடு.

எழுத்துருவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால்? அச்சகம் ஒன்று தனக்கென்று செய்துகொண்ட எழுத்துருவாக இருக்கலாம். அப்போது மீள்பொறியியல்தான். கோப்பில் கட்டாயம் இருக்கும் ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும். 'மாரியம்மன்' நல்ல சொல். திஸ்கி போன்ற முறையில் அது எட்டு பைட்டு. முதலாவதும் ஏழாவதும் ம என்பதால் ஒரே எண், மற்ற ஆறும் வெவ்வேறு. அந்த அமைப்பில் உள்ள எட்டு எண் கோர்வை கோப்பில் திரும்பத் திரும்ப வந்தால், ஏழு எழுத்துகளின் எண் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். அதை வைத்து அடுத்த சொல், அடுத்த பெயர். அச்சான மலரின் ஒரே ஒரு பக்கம் கையில் கிடைத்தால்கூட வேலை மளமளவென்று நகரும். அன்று தட்டச்சு செய்தவரே உயிரோடு இருந்து, "அது இன்ன எழுத்துரு, இன்னார் கடையில் வாங்கியது" என்று சொன்னால் ஒரு வாரத்து வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

செய்யும் வேலையில் சில கவனங்கள் தேவை. நெகிழ்வட்டின் மூலையில் உள்ள சிறு தாழைத் தள்ளி, எழுத முடியாதபடி பூட்டிய பிறகே கணினியில் போட வேண்டும். யூஎஸ்பியில் செருகும் நெகிழ்வட்டு இயக்கி போதும். முதல் வேலையாக வட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து, பிறகு எல்லாச் சோதனையும் அந்தப் பிரதியில் நடக்கட்டும். பழைய வட்டு எத்தனை முறை சுழலும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உறுப்பினர் பட்டியலில் அடையாளக் கார்டு எண் இருக்கும். அதை இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மாற்றித் தளத்தில் ஏற்றுவது புத்திசாலித்தனம் அல்ல. ஓப்பன் தமிழைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். தன்னுடைய சங்கத்தின் கோப்பைப் படிக்க அதன் வடிவத்தை ஆராய்வது வேறு, பிறருடைய கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது வேறு. இரண்டாவது 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி மலேசியாவில் தண்டனைக்குரியது.

மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ர-வும் காலும் இடம் மாறியிருக்கும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பியிருக்கும். 'ராமாயி' எங்கே 'ரமாயி' ஆனார் என்பது நிரலுக்குத் தெரியாது. அந்த லயத்தில் வாழ்ந்தவருக்குத் தெரியும். திருத்திய யூனிகோட் பிரதியுடன் பழைய கோப்பையும் அதன் அசல் பைட்டுகளோடு பத்திரமாக வைத்திருப்பது நல்லது. இன்றைய மாற்றி விட்ட பிழையை நாளைய மாற்றி சரி செய்யக்கூடும், அசல் இருந்தால்.